பத்தாயத்து அரிசி

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல் வயல்தான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சோற்றைக் கண்டாலே எனக்குப் பயமாக இருந்தது.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். பின்னிரவில் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமுமாக எழுந்து உட்காருவேன். தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினேன். எண்டோஸ்கோபி எடுத்துப் பார்த்துவிட்டு, புண் எதுவும் இல்லை, லேசான அழற்சிதான் என்றார். மாத்திரை கேட்டது; ஆனால் விட்டால் திரும்ப வந்தது. சோறுதான் ஆகவில்லை என்று நானே முடிவு செய்து ஓட்ஸ், சப்பாத்தி என்று மாறினேன். அதற்கும் அதே ஏப்பம்.

அப்புறம்தான் கும்பகோணத்தில் ஓர் ஆயுர்வேத வைத்தியரைப் போய்ப் பார்த்தேன். நாடி பிடித்துவிட்டுச் சூரணம் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ, "உங்களுக்கு எத்தனை மணிக்கும்மா பசிக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டரைக்கு இட்லி, ஒன்றரைக்குச் சாப்பாடு, நாலு மணிக்குக் காபியும் முறுக்கும், ராத்திரி ஒன்பதரைக்குத் தயிர் சாதம். மணி தெரியும், பசி தெரியாது. முந்தைய சாப்பாடு செரித்ததற்கு அடையாளங்கள் உண்டு என்றார். ஏப்பத்தில் சாப்பிட்டதன் வாடை வராது, உடம்பு லேசாகும், பிறகு தானாகப் பசியெடுக்கும். அதற்கு முன்னால் உள்ளே போவது எதுவானாலும் அடுப்பில் பாதி வெந்த அரிசியோடு புது அரிசியைக் கொட்டுவது மாதிரி. 942ஆம் குறளில் 'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவள்தான் நான். அது என் வயிற்றுக்கும் சொன்னது என்று 51 வயதில்தான் உறைத்தது.

அடுத்த கேள்வி இன்னும் ஆழமாகத் தைத்தது. "சோறு எப்படி ஆக்குறீங்க? புது அரிசியா, பழசா?"

குக்கரில்தான் வைக்கிறேன். அரிசி கடையில் வாங்குகிற 25 கிலோ சிப்பம். அது எந்த அறுப்பு நெல் என்று யாருக்குத் தெரியும்? அவர் அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் உள்ளதை எடுத்துச் சொன்னார். நன்றாகக் கழுவி, நன்றாக வேகவிட்டு, கஞ்சி வடித்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுகிற சோறு எளிதில் செரிக்கும். புதுத் தானியம் கனமானது, கபத்தைக் கூட்டும். ஒரு வருடம் கிடந்த தானியம் லேசானது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அப்பாயி நினைவாகவே இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்குப் பலாமரப் பத்தாயம் ஒன்று உண்டு. அடியில் கையகலத்துக்கு ஒரு திறப்பு. அதை இழுத்தால் நெல் சரசரவென்று கொட்டும். தை அறுப்பில் வந்த புது நெல்லில் பொங்கல் வைப்பார்கள். மறுநாளே அப்பாயி பழைய நெல்லுக்குத் திரும்பிவிடும். "புதுசு வயித்துலயே நிக்கும்டி" என்று சொல்லும். ஊரெல்லாம் புது நெல் குவிந்து கிடக்க, நாம் ஏன் போன வருடத்து நெல்லைத் தின்கிறோம் என்று எனக்குக் கோபமாக வரும். புது அரிசி குழைவாக, இனிப்பாக இருக்கும். பழையது உதிரியாக நிற்கும், தண்ணீரும் அதிகம் குடிக்கும். அப்பாயிக்கு அந்த நூலை எழுதிய வாக்பட்டரைத் தெரியாது. ஆனால் அவர் எழுதிவைத்ததை அது தினமும் உலையில் போட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அறுத்த நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பத்தாயத்தில் பழைய பட்டுப் புடவைகளும் கொலுப் பொம்மைகளும் இருந்தன.

அன்றிலிருந்து வடித்த சோறுதான். அரிசியை மூன்று தண்ணீரில் களைந்து, அகலமான பாத்திரத்தில் வேகவைத்து, தட்டை மூடிக் கவிழ்த்துக் கஞ்சியை வடிக்கிறேன். குக்கரைவிடக் கால் மணி நேரம் கூடத்தான் ஆகிறது. வயிற்றில் பாதி சோறும் குழம்பும், கால் பங்கு தண்ணீர், மீதிக் கால் சும்மா இருக்கட்டும் என்பது வைத்தியர் சொன்ன கணக்கு. அந்தச் சும்மா இருக்கிற கால் பங்குதான் எனக்கு வரவே மாட்டேன் என்றது. கடைசி உருண்டையை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த கை இது. அதனால் தட்டில் போடும்போதே ஒரு கரண்டி குறைத்துக்கொண்டேன்.

ராத்திரித் தயிரை விட்டேன். பகலில் வெண்ணெய் எடுத்த மோரில் கொஞ்சம் சுக்கும் கறிவேப்பிலையும் சேர்த்துக் குடிக்கிறேன். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முடிந்துவிடுகிறது.

பருவத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நூல்களில் மழைக்காலம் என்று சொல்லியிருப்பது ஏறக்குறைய நம் ஆடி, ஆவணி. நமக்கு ஆடியில் காற்றடிக்கும், ஆற்றில் தண்ணீர் வரும், அடைமழை என்னவோ ஐப்பசி, கார்த்திகையில்தான். "பஞ்சாங்கத்தைப் பார்க்காதீங்க, வானத்தைப் பாருங்க" என்றார். வயல் முழுக்கத் தண்ணீர் நின்று, சூரியனே தெரியாத அந்த வாரங்களில் வயிற்றுத் தீயும் மங்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் போட்டுக் கிளறுகிற தீபாவளி லேகியம் சரியாக அப்போதுதான் வருகிறது. பட்சணத்துக்கு மாற்று என்று மட்டும் நினைத்திருந்தேன். இப்போது கார்த்திகை முடியும்வரை காலையில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் அவரோடு வாதாடினேன்: பழையது. ஆயுர்வேதம் பொதுவாக மீந்ததைச் சாப்பிடச் சொல்வதில்லை, சுடச்சுடச் சாப்பிடு என்கிறது. என் அப்பா பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு நடவுக்குப் போய் மதியம்வரை நின்றவர். அது எப்படித் தப்பாகும்? தப்பு என்று அவர் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் உழைக்கிற உடம்புக்கு அது வேறு, உட்கார்ந்தே இருக்கிற, ஏற்கெனவே புளித்த ஏப்பம் வருகிற உடம்புக்கு வேறு என்றார். சாப்பாட்டை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, யார், எப்போது, எவ்வளவு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தபோது மனசு கனத்தது.

மூன்று மாதத்தில் ராத்திரி எழுந்து உட்காருவது நின்றது. மாத்திரையை நானாக விடவில்லை. தஞ்சாவூர் டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னபடி குறைத்தேன். கல்யாண வீட்டில் பத்து மணிக்குச் சாப்பிட்டால் இன்னும் எரியத்தான் செய்கிறது.

போன தையில் புடவைகளைப் பீரோவுக்கு மாற்றிவிட்டுப் பத்தாயத்தைத் துடைத்து, இரண்டு நாள் திறந்துபோட்டுக் காயவைத்தோம். பக்கத்து வயல்காரரிடம் தூயமல்லி நெல் ஐந்து மூட்டை வாங்கி, களத்தில் நன்றாகக் காயப்போட்டு, நொச்சி இலையும் வேப்பிலையும் இடையிடையே போட்டுக் கொட்டினோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். மாதம் ஒரு தரம் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்க்கிறேன். பூச்சி இல்லை. அடுத்த தை வரை தொடப் போவதில்லை.