வேனில் குடியிருந்து வேலை பார்க்க: முதலில் கரண்ட் கணக்கு

டிராவலர் வேனுக்குள் கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்று பிளைவுட் அளக்கும் முன், ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். லேப்டாப் 60 வாட், 8 மணி நேரத்துக்கு 480 வாட்-அவர். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நம்மூர் வெயிலில் சுமார் 500. ஃபேன் 300, ரவுட்டர் 190, விளக்கும் பம்பும் 60. ஆக, சுமார் ஒன்றரை யூனிட் (1000 வாட்-அவர் ஒரு யூனிட்).

இதில் பலரும் எழுத மறப்பது, பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே தின்னும் கரண்டை. எதையும் சொருகாமல் ஆன் செய்து வைத்தாலே 15 வாட் போகும்; நாள் முழுக்க என்றால் 360. லேப்டாப்பை 12 வோல்ட்டிலிருந்தே டைப்-சி சார்ஜரில் போட்டுவிட்டால், மிக்ஸி ஓடும் நேரம் தவிர இன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம்.

12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் பயன்படுத்தினால் 2 யூனிட் கிடைக்கும். கூரையில் படுத்துக் கிடக்கும் 400 வாட் பேனல், இழப்பெல்லாம் போக, நல்ல வெயில் நாளில் 1.4 யூனிட் தரும். மிச்சத்துக்கு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர்: இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவாக எடுத்து இந்தப் பேட்டரிக்கு ஏற்றும். ஒரு மணி நேரம் ஓட்டினால் 0.4 யூனிட் ஏறும். அது இல்லாமல் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். லித்தியம் கேட்கிற கரண்டையெல்லாம் கொடுத்துக் கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

வீட்டு வயரிங் பழக்கத்தோடு வரும் எலக்ட்ரீஷியன் தவறுவது கேபிள் தடிமனில். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் நாலரை ஆம்பியர். 12 வோல்ட்டில் இழப்பும் சேர்த்து 100-ஐ நெருங்கும். போக வர 3 மீட்டருக்கு 10 ஸ்கொயர் எம்.எம். போட்டால் கேபிளிலேயே 50 வாட் சூடாகப் போகும், பேட்டரி தீரும் முன்பே இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' என்று கத்தலாம். 35 ஸ்கொயர் எம்.எம்., இழை மெல்லிய காப்பர் போடுங்கள். 125 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். கேபிள் நுனியில் மாட்டும் லக்கை (துளையுள்ள காப்பர் முனை) சுத்தியலால் தட்டி நசுக்க விடாதீர்கள், ஹைட்ராலிக் கருவியில் அழுத்தும் கிரிம்பிங்தான். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள்.

வீட்டு ரவுட்டரை 12 வோல்ட் என்று நம்பி நேராக மாட்டினால், சார்ஜ் ஏறும்போது வரும் 14.4 வோல்ட் அதைக் கொன்றுவிடலாம். நடுவில் ஒரு ரெகுலேட்டர் வையுங்கள். தகரக் கூண்டுக்குள் சிக்னல் மங்கும், ஆன்டெனா கூரைக்கு மேலே போகட்டும். சிம் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும்.

புளியமர நிழலில் நிறுத்தினால் உடம்புக்குச் சுகம், பேனலுக்குப் பட்டினி. 100 வாட் பேனல் ஒன்றை நீள வயரோடு தனியாக வைத்திருந்தால் அதை மட்டும் வெயிலில் போடலாம்.

சீட்டைக் கழற்றும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, சீட் எண்ணிக்கையும் அந்த விவரத்தில் ஒன்று.