பம்ப் கையேட்டின் அலகுகளை மாற்றிய அனுபவம்

ஒரு பழைய பம்பின் இயக்கக் கையேடு, 112 பக்கம். அதில் இருக்கும் அலகுகளை எல்லாம் சட்டப்படி செல்லும் அலகுகளுக்கு மாற்றினால்தான் புதிய பதிப்பை ஏற்பார்கள். பெருக்கல் கணக்குதானே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது.

எது செல்லும், எது செல்லாது என்று முதலில் தெரிய வேண்டும். 1955இல் தொடங்கிய சர்வதேசச் சட்டமுறை அளவியல் அமைப்பு (ஓ.ஐ.எம்.எல்.) இதற்கென்றே டி 2 என்ற ஆவணத்தை வைத்திருக்கிறது. எஸ்.ஐ. (சர்வதேச அலகு முறை) அலகுகள் எவை, கொஞ்ச காலம் விட்டுவைக்கலாம் என்பவை எவை, சீக்கிரம் கைவிட வேண்டியவை எவை என்று அதில் பிரித்திருக்கிறார்கள். அது நேரடியாகச் சட்டம் இல்லை, நாடுகள் தங்கள் சட்டத்தை எழுத ஒரு மாதிரி. அதனால் பம்ப் போய்ச் சேரும் நாட்டின் விதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதல் சிக்கல் அழுத்தத்தில். 'சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது' என்று இருந்தது. ஒரு கிலோகிராம் விசை என்பது 9.80665 நியூட்டன். கணக்குப் போட்டு 686.47 கிலோபாஸ்கல் என்று எழுதினேன். சரிபார்த்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். எந்த கேஜில் அதைப் படிப்பது? சரி என்று 690 ஆக முழுமையாக்கினேன். அதுவும் தவறு, 690 அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது! உச்ச வரம்பு என்றால் கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். புதிய கேஜில் ஒரு கோடு 20 கிலோபாஸ்கல். ஆக, 680.

வெப்பநிலையில் நான் செய்த பிழை இதைவிடப் பெரியது. பேரிங்கின் சூடு சுற்றுப்புறத்தைவிட 72 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடலாம் என்று ஒரு வரி. பழக்கத்தில் 32ஐக் கழித்து, 5/9 ஆல் பெருக்கி, 22 டிகிரி செல்சியஸ் என்று போட்டுவிட்டேன். ஆனால் அது வெப்பநிலை இல்லை, வித்தியாசம். 32ஐக் கழிக்கவே கூடாது; சரியான விடை 40. நன்றாக ஓடும் பம்பை, சூடாகிவிட்டது என்று யாரோ நிறுத்தியிருப்பார்கள். அப்புறம் ஃபாரன்ஹீட் வந்த ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்தேன்.

மோட்டாரின் 50 குதிரைத்திறனில் கணக்கே உதவவில்லை. மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட், பிரிட்டிஷ் குதிரைத்திறன் 745.7 வாட். கையேட்டில் எது என்று குறிப்பு இல்லை. மோட்டாரின் நேம் பிளேட்டில் 37 கிலோவாட் என்றே இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளில் பழைய கேஜ்தானே இருக்கிறது? அதைப் பார்ப்பவருக்கு 680 என்ற எண்ணால் என்ன பயன்? சட்ட அலகு முதலில் வந்தால், பழையதைத் துணையாகப் போட அந்த நாட்டின் விதி இடம் தந்தது. '680 கிலோபாஸ்கல் (பழைய கேஜில் 6.9)' என்று எழுதி, கேஜ் மாற்றியதும் அடைப்புக்குறியை நீக்கலாம் என்ற குறிப்போடு அனுப்பினேன். அந்தப் பதிப்பு ஏற்கப்பட்டது.