முடிந்து வைத்த 11 ரூபாய்

வெள்ளிக்கிழமை மாலையானால் எங்கள் விடுதியில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். ஜெர்மனியின் ஆகன் நகரம் பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையோரத்தில் இருப்பதால் பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கையில் காசு இருந்தால் பாரீஸ் என்று கிளம்பிவிடுவார்கள். நானும் சுற்றியவள்தான். ஆனால் ஜூன் மாதத்து அந்த ஞாயிறு மட்டும் அம்மாவுக்கு உரியது.

ஒரே பாடத்தில் இரண்டு முறை தவறியிருந்தேன். மூன்றாவது முறையும் தவறினால் இங்கே பெரும்பாலும் அந்தப் படிப்பையே விட வேண்டியதுதான். தொலைபேசியில் அழுது தீர்த்தேன். அம்மா அதிகம் பேசவில்லை. மறுநாள் காஞ்சிபுரத்தில் காமாட்சி முன்னால் நின்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் 11 ரூபாயை முடிந்து வைத்துவிட்டாள். மார்ச்சில் தேறிவிட்டேன். ஊருக்குப் போய்வந்த தோழியின் கையில் அந்த முடிச்சும் வந்து சேர்ந்தது. "நீ வரும்வரை கடன் வைத்திருக்கக் கூடாது. அங்கேயே ஹம் என்கிற ஊரில் காமாட்சி இருக்கிறாளாமே, தேரன்று போய்ச் சேர்த்துவிடு" என்றாள் அம்மா. இரண்டு வருடம் இங்கே குடியிருந்த எனக்குத் தெரியாதது காஞ்சிபுரத்தில் இருக்கிற அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

ஆகனிலிருந்து கொலோன், டோர்ட்மண்ட் வழியாக ஹம் வரை ஒரே ரயில், சுமார் மூன்று மணி நேரம். மாணவர் பயண அட்டை போதும், டிக்கெட் செலவில்லை. இதெல்லாம் காகிதத்தில். அன்று பாதி வழியில் ரயில் நின்றது, காரணம் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எல்லோரையும் இறக்கிவிட்டு வேறு ரயிலைப் பிடிக்கச் சொன்னார்கள். பட்டுப்புடவையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நடைமேடையில் ஓடினேன். ஹம்மில் இறங்கினால், கண் முன்னே பஸ் நிரம்பிப் போனது. தேர் கிளம்பியிருக்கும், அம்மாவிடம் என்ன சொல்வது என்று நின்றபோது, உறவினரை அழைத்துப்போக வந்திருந்த ஈழத்து அம்மா ஒருவர் என் புடவையைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குத்தானே பிள்ளை, ஏறுங்கள்" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. அவரை அனுப்பியது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நகரின் கிழக்கு ஓரம். கிடங்குகள், தொழிற்சாலைகள், அப்பால் ஓர் அனல் மின் நிலையம். அவற்றுக்கு நடுவே 17 மீட்டர் ராஜகோபுரம்! 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், முதலில் ஒரு நிலவறையில் வைத்துத்தான் அம்பாளைக் கும்பிட்டார்களாம். காரில் அந்த அம்மா சொல்லிக்கொண்டே வந்தார், "அம்மாளாச்சி எங்களோடு வந்துவிட்டாள்" என்று.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் கையைப் பிடித்து இழுத்து அர்ச்சனைத் தட்டு விற்கும் கலை கடல் தாண்டியும் வந்திருக்கிறது. ஒரு தேங்காய், இரண்டு பழம், நாலு பூவுக்கு ஒருவர் கேட்ட விலையில் நான் மூன்று நாள் சமைத்துச் சாப்பிடுவேன். தேர் அசைந்த நொடியில் கூப்ப வேண்டிய கைகளெல்லாம் கைபேசியைத் தூக்கின. எனக்கு முன்னால் நின்றவரின் திரையில்தான் அம்பாளை முதலில் பார்த்தேன்.

ஆனால் வடத்தைப் பிடித்ததும் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள், காவடிகள், தேருக்குப் பின்னால் தார்ச்சாலையில் உருண்டு வந்த ஆண்கள். வெறுங்காலில் நிற்கவே சுட்டது எனக்கு. அவர்கள் வெற்று முதுகோடு உருண்டார்கள்.

தேர் நிலைக்கு வந்த பிறகு நெருங்கிப் போக முடிந்தது. பூக்குவியலுக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. தீபம் மேலே போனபோது மூக்குத்தி ஒருமுறை மினுங்கியது. உண்டியலில் போட முடிச்சை அவிழ்த்தேன், அவிழவில்லை. மஞ்சள் காய்ந்து துணி கட்டையாகியிருந்தது. நகம் பிய்ந்தது. பின்னால் தள்ளுகிறார்கள், தொண்டர் நகரச் சொல்கிறார், எனக்கோ கண் மறைக்கிறது. காரில் வந்த அந்த அம்மாதான் பக்கத்தில். "ஏன் அவிழ்க்கிறீர்கள்? அப்படியே போடுங்கள். அவிழ்ப்பது அவள் பாடு" என்றார்.

போட்டேன். துணியோடு போனதால் சத்தமே இல்லை. கேட்க வேண்டுமென்று ரயிலில் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஆய்வேடு, வேலை, விசா எதுவும் நினைவுக்கு வரவில்லை. சின்ன வயதில் வெள்ளிக்கிழமைதோறும் காஞ்சியில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எப்போது பிரசாதம் தருவார்கள் என்று நின்றவள் நான். அத்தனை வருடமும் இவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தாயே, என்ன கைம்மாறு செய்வேன்! இன்னும் ஏதேதோ சொன்னேன், எழுத வரவில்லை.

அன்னதானத்தில் சாப்பிட்டு, விபூதிப் பொட்டலத்தோடு ரயில் ஏறி அம்மாவை அழைத்தேன். முடிச்சு அவிழாத கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அவிழ்க்காமல் போட்டாயா? நல்லதாகப் போயிற்று" என்றாள். "மேல் முடிச்சு உன் தம்பியின் வேலைக்குப் போட்டது. அது இன்னும் ஆகவில்லையே!"