டெசிஃபரும் அதன் அட்டைகளும்

அட்டைகளை வாங்கிச் சேர்த்து, அவற்றிலிருந்து சொந்தக் கட்டை அமைத்து ஆடும் சேகரிப்பு அட்டை விளையாட்டுகளை வெளியிட்ட நிறுவனங்களுள் நான் இன்றும் மனதார நேசிப்பது, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள நார்ஃபோக் நகரில் இயங்கிய டெசிஃபரைத்தான். 1993இல் ‘மேஜிக்’ விளையாட்டு பெரும் வரவேற்பைப் பெற்றதும் பலர் இத்துறையில் இறங்கினர். டெசிஃபர் 1994இல் ஸ்டார் ட்ரெக்கையும் 1995 இறுதியில் ஸ்டார் வார்ஸையும் அட்டை விளையாட்டாக்கியது.

ஸ்டார் வார்ஸ் விளையாட்டில் 60 அட்டைகள் கொண்ட கட்டே ஆட்டக்காரரின் உயிர். செலவழித்த அட்டைகள் கட்டின் அடிக்குத் திரும்பும், இழந்தவை பெரும்பாலும் திரும்புவதில்லை, கட்டு முழுதும் தீர்ந்தவர் தோற்றார். பகடை கிடையாது. அதற்குப் பதிலாக அட்டையின் வலது மேல் மூலையில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும்; கட்டின் மேலிருந்து எடுக்கும் அட்டையின் எண்ணே பகடை எண்போல் பயன்படும். டார்த் வேடர் போன்ற வலியவர்களுக்குச் சிறிய எண்ணும் சாதாரண அட்டைகள் பலவற்றுக்குப் பெரிய எண்ணும் தந்திருந்ததால், வலியவர்களை மட்டுமே திரட்டியவர் போரில் திணற நேர்ந்தது. இத்தனை நேர்த்தியான அமைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் ஸ்டார் வார்ஸ் உலகம் டெசிஃபருக்குச் சொந்தமானதன்று. 2001 இறுதியில் உரிமம் கைமாறி, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம் சென்றது. அதே ஆண்டு டெசிஃபர் வெளியிட்ட லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் விளையாட்டு அதைச் சில ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது. 2007இல் அதுவும் நின்றது. ஆர்வலர் குழுவொன்றோ ஸ்டார் வார்ஸுக்குப் புதிய அட்டைகளை இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் அண்ணன் மகன் அவற்றை அச்சிட்டு வெட்டி, பழைய அட்டையின்மேல் வைத்து உறையில் செருகி விளையாடுகிறான்.