நீ ஆற்றை மோன் எண்டு கேக்காத ஒரு இடம்

வன்னியில எங்க போய் நிண்டாலும் முதல் கேள்வி "நீ ஆற்றை மோன்?" எண்டதுதான். கடையில, கிளினிக்கில, செத்தவீட்டில, எங்கையெண்டாலும். அப்பான்ர பேரைச் சொன்னா "ஓ, அந்தக் குடிக்கிறவனோ" எண்டு அடுத்தது வரும். குடியை விடோணும் எண்டு நினைச்சும் ரெண்டு வரியமா நான் ஒருத்தரிட்டயும் உதவி கேட்டுப் போகாததுக்கு இதுதான் காரணம், வேற பெரிய காரணம் ஒண்டும் இல்லை.

விடாமலும் இருக்கேல்லை. எத்தினையோ தரம் விட்டனான். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில அம்மனுக்கு முன்னால மனிசி சத்தியம் வாங்கினவ, அது ஒன்பது நாள். பிறகு பிள்ளையின்ர தலையில அடிச்சு ஒருக்கா, அது நாலு நாள். கடைசியா ஒருத்தருக்கும் சொல்லாமல் நானே டக்கெண்டு நிப்பாட்டினன். மூண்டாம் நாள் கை நடுங்கி தேத்தண்ணிக் கோப்பையே பிடிக்கேலாமப் போச்சு, சுவரில எறும்பு ஊருது எண்டு நான் துடைச்சுக்கொண்டு நிக்க மனிசி குழறிக்கொண்டு ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஏத்தினா. எறும்பு ஒண்டும் இருக்கேல்லையாம். நாளாந்தம் கனக்கக் குடிச்ச ஆக்கள் திடீரெண்டு நிப்பாட்டினா வலிப்பு வரலாம், உயிர் கூடப் போகலாம், டொக்டரிட்டக் காட்டி மருந்தோடதான் நிப்பாட்டோணும் எண்டு அங்கதான் சொல்லிச்சினம். எங்கட பக்கம் "மனம் இருந்தா விடலாம்" எண்டு சொல்லி ஆக்களை அறைக்க போட்டுப் பூட்டுற வழக்கம் இன்னும் இருக்கு, அதால இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதுறன்.

துண்டு வெட்டி வீட்டை விடேக்க நேர்ஸ் ஒராள் ஏஏ எண்டு ஒண்டு இருக்கு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிச்ச ஆக்களே கூடிக் கதைக்கிறது, போய்ப் பாருங்கோ எண்டா. எங்க எண்டு அவவுக்கும் சரியாத் தெரியேல்லை. விசாரிக்கப் போன ஒரு கந்தோரில மேசைக்கு அங்கால இருந்தவர் வரிசையில நிண்ட சனம் எல்லாம் கேக்க "என்ன, குடிக்கோ?" எண்டார். மகளுக்கு பேர்த் சேட்டிபிக்கட் எடுக்க வந்தனான் எண்டு பொய் சொல்லிப்போட்டு வெளிய வந்திட்டன். பிறகு போன்ல தேடித்தான் பிடிச்சது. இணையத்தில மீட்டிங் பட்டியல் இருக்கு, இலங்கைக்கும் இருக்கு. மனம் உடைஞ்சு போய் ஆரோடயாவது கதைக்கோணும் எண்டா 1926 இருக்கு, அது தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம்.

வவுனியாவில ஒரு சேர்ச்சின்ர பின் அறை. மாங்குளத்தில பஸ் ஏறினனான், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை எண்டு ஒவ்வொரு இடமும் தாண்டத் தாண்ட இறங்கித் திரும்புவமோ எண்டு யோசிச்சனான், வவுனியாவில இறங்கின உடன கண்ணில பட்டதும் ஒரு பார்தான். உள்ள பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை, ரெண்டு ஃபான், அதில ஒண்டு சுத்தாது. ஒரு ஐயா பிளேன்டீ தந்தார். தந்துபோட்டு தன்ர பேரைச் சொன்னார், ஊர் சொல்லேல்லை. நானும் பேரை மட்டும் சொன்னன். அடுத்த கேள்விக்கு காத்துக்கொண்டு நிண்டன், வரேல்லை. "சீனி காணுமோ?" எண்டுதான் கேட்டார்.

சேர ஃபோம் இல்லை, காசு இல்லை. குடியை விடோணும் எண்ட விருப்பம் ஒண்டு இருந்தாக் காணுமாம். ஒரு ரின் சுத்தி வரும், விரும்பினா போடலாம், புதுசா வந்தவை போடத் தேவையில்லை, வெளி ஆக்களிட்டயிருந்து அவை காசு வாங்கிறதும் இல்லையாம். ஒராள் கதைக்க மற்றவை கேக்கிறதுதான், புத்தி சொல்ல ஆரும் வாய் திறக்கிறேல்லை. எனக்கு அது நம்பேலாமக் கிடந்தது, எங்கட சனம் நாலு பேர் கூடின இடத்தில புத்தி சொல்லாமல் இருக்கிறதெண்டா! அங்க கேட்ட கதை ஒண்டும் இங்க எழுதமாட்டன், அது அவையின்ர.

இது துவங்கின கதை எழுதலாம். 1935இல பில் எண்ட நியூயோர்க் பங்குச்சந்தைக்காரர் ஒகையோவில அக்ரன் எண்ட ஊருக்கு வியாபாரமா வந்து, அந்த வியாபாரம் படுத்து, ஹோட்டல்ல தனிய நிக்கிறார். குடியை விட்டு அஞ்சாறு மாசம்தான். பக்கத்தில பாரிலயிருந்து சத்தம் கேக்குது. மனிசன் என்ன செய்தார் எண்டா சேர்ச்சுகளுக்கு போன் அடிச்சு, கதைக்கிறதுக்கு இன்னொரு குடிகாரன் இருந்தாச் சொல்லுங்கோ எண்டு கேட்டிருக்கிறார். அப்பிடிக் கிடைச்சவர்தான் பொப், சத்திர சிகிச்சை டொக்டர். டொக்டருக்கே குடிகாரன்தான் தேவைப்பட்டிருக்கு பாருங்கோ. பொப் கடைசியா குடிச்ச நாள், ஜூன் 10, அதைத்தான் ஏஏ துவங்கின நாள் எண்டு கணக்கு வைக்கினம்.

ஓப்பன் மீட்டிங்குக்கு வீட்டுக்காரரும் வரலாம், மனிசியை ஒருக்கா கூட்டிக்கொண்டு போனனான். அவ வெளிய வந்து ஒண்டும் சொல்லேல்லை, பஸ்ஸில கச்சான் வாங்கி எனக்கும் பாதி தந்தா.

வயல் வேலை நேரம் போகேலாது. அப்ப சூம்ல தமிழ்நாட்டு ஆக்கள் நடத்துற மீட்டிங்குக்கு வருவன், நேரமும் எங்களுக்கும் அவைக்கும் ஒண்டுதான். சிக்னல் வரம்பில நிண்டாத்தான் வரும், நான் நுளம்படிச்சுக்கொண்டு நிக்க அவை "சொல்லுங்க சார்" எண்டுவினம். வாழ்க்கையில என்னை சார் எண்டது அவைதான்.

நாலாம் தரம் போகேக்க கதவைத் திறந்துகொண்டு எங்கட ஊர் ஆள் ஒருத்தர் வாறார். ஆர் எண்டு சொல்லமாட்டன், இதை எழுதுறதுக்கும் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறன். ரெண்டு பேருக்கும் முகம் செத்துப்போச்சு. முழு மீட்டிங்கும் ஆளை ஆள் பாக்கேல்லை. திரும்பேக்க ஒரே பஸ், அவர் முன்னுக்கு, நான் கடைசி சீற். ஒரே இடத்திலதான் இறங்கோணும், என்ன செய்யிறது. இறங்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"நான் உன்னைக் காணேல்லை, சரியோ."

"நானும் உங்களைக் காணேல்லை அண்ணை."

"வாற கிழமை ஆறரை பஸ்ஸே?"

"ஓம், ஆறரை."