ஸ்தோத்திரப் பண்டிகைக் கணக்கு

செப்டம்பர் 2, 2024, திங்கள்

நேற்றைய காணிக்கையை வங்கியில் கட்டியாயிற்று. சபையார் நன்றிக் காணிக்கையாகக் கொண்டுவரும் பொருள்களை ஏலம் விட்டு, அசனம் என்கிற பொது விருந்தும் போடும் ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கும்போது காணிக்கைப் பை கனக்கும். எண்ணும் ஒழுங்கு அதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். ஆராதனை முடிந்த கையோடு ஆலயத்துப் பக்க அறையான வெஸ்திரியிலேயே எண்ணிவிடுவது. பை யார் வீட்டுக்கும் போகக் கூடாது. எண்ணுகிறவர்கள் குறைந்தது இருவர், அதுவும் ஒரே குடும்பத்தாராக இருக்கக் கூடாது. முதலில் கவர்கள், பிறகு நோட்டு, கடைசியில் சில்லறை. கவர்மேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒத்துவராவிட்டால் உள்ளே இருப்பதுதான் வரவு. கவரைக் கிழித்துப்போடாமல் குறிப்போடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே மதிப்புள்ள நாணயங்களை நூறு நூறாகப் பையில் கட்டிக்கொண்டு போனால் வங்கியில் முகம் சுளிப்பது குறையும்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் திருட்டால் அல்ல. ஆலயப் பணியாளரான கோயில் குட்டியாரின் சம்பளம், பூ, மைக் செட்டுக்காரர் பாக்கி என்று பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வரவு வைப்பதால்தான். வந்தது முழுக்க வங்கிக்குப் போகட்டும். செலவு தனி வவுச்சரில் வரட்டும். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்துவில் சேர்ந்த பணத்துக்குப் அப்போஸ்தலர் பவுல் தம் உடன் ஊழியர் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினாரே (வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 8), அங்கேயும் காரணம் இதுதான்: ஒருவரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது.

செப்டம்பர் 7, சனி

கைப்பிடி அரிசி வந்து சேரும் நாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுகிற இந்த வழக்கத்தை மிசோரம் சபைகளின் பெண்கள் ஒரு நூற்றாண்டாக நடத்தி, அதைக் கொண்டே ஊழியர்களைத் தாங்குகிறார்கள். பணமாகக் கேட்டால் வாயைத் திறக்காத வீடும் அரிசியாகத் தரும்.

ஆனால் வந்த அரிசியைப் பார்க்க வேண்டும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் அசனத்துக்கு ஆகாது. பச்சரிசி குழைந்துபோகும் நேரத்தில் புழுங்கல் விதையாய் நிற்கும். வாங்குகிற இடத்திலேயே மூன்று சாக்கு வைத்துப் பிரித்துவிட வேண்டும். வண்டு இருந்தால் சலித்து நிழலில் உலர்த்தலாம். கலந்துபோனதை மாவுக்கு ஏலம் விடுவது உத்தமம். கொண்டுவந்தவர் முன்னால் பானையை எடை போடுவது மட்டும் வேண்டாம்; எடை சாக்குக்குத்தான்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஏலச் சாமான்களுக்கு எண் சீட்டு கட்டும் வேலை. வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, முருங்கைக்காய், புளி, நாட்டுக்கோழி, கிடா. பதிவேட்டில் எண், பொருள், அளவு மட்டும். கொடுத்தவர் பெயர் எழுதினால் ஏலம் கூறுகிறவர் வாயில் வந்துவிடும். “இன்னார் வீட்டுத் தார்” என்று சொன்ன மாத்திரத்தில் விலை பொருளைவிட்டு ஆளுக்குப் போய்விடும்.

வரிசை முக்கியம். உயிருள்ளவை முதலில். காலைக் கட்டிப் போட்ட கோழி வெயிலில் மதியம்வரை தாங்காது. அடுத்து பழம், காய்கறி. கருப்பட்டியும் புளியும் கடைசி.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்றதும் எழுதுகிறவர் கார்பன் புத்தகத்தில் எண், தொகை, எடுத்தவர் கையெழுத்து மூன்றையும் வாங்கிவிட வேண்டும். எடுத்தவரே பொருளைத் திரும்பக் கோயிலுக்குக் கொடுத்து மறு ஏலம் நடந்தால் அது புது வரி. பழைய வரியில் திருத்தி எழுதினால் முதல் தொகை காணாமல் போகும். ஒரே தேங்காய் நாலு கை மாறுவது சாதாரணம்.

சந்தையில் சில பத்து ரூபாய் பெறும் தேங்காய் ஆயிரங்களில் போவது சந்தோஷமான காட்சிதான். ஆனால் எதிர்க் குடும்பம் கேட்டுவிட்டதே என்று ஏற்றுகிறவரை ஏலக்காரர் தூண்டிவிடக் கூடாது. கொடுப்பதைப் பற்றிப் பவுல் எழுதிய “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” (2 கொரி. 9:7) என்பது இந்த இடத்துக்கும் சேர்த்துத்தான். இரண்டு குடும்பத்துக்குள் போட்டி என்று தெரிந்தால் சட்டென்று மூன்றாம் தரம் சொல்லி முடிப்பதே நல்ல ஏலக்காரருக்கு அழகு. வரும்படி கொஞ்சம் குறையும். குறையட்டும்.

அசனத்துக்கு நூறு பேருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ அரிசி சரியாக வரும். பந்திக்கு முன்பே வயதானவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் தூக்குவாளியில் போய்விட வேண்டும். கடைசியில் என்றால் குழம்பில் கறி இருக்காது.

செப்டம்பர் 18, புதன்

ஏலப் பாக்கி. கூட்டத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கட்ட முடியாதவர்கள் எங்கும் உண்டு. அந்தப் பட்டியலை அறிவிப்பில் வாசிப்பதோ பலகையில் ஒட்டுவதோ வேண்டாம். அடுத்த பண்டிகைக்கு அந்த வீடே வராது. பொருளாளர் தனியே பார்த்துத் தவணை கேட்கலாம். கட்டவே முடியாதென்றால் கமிட்டித் தீர்மானத்தோடு தள்ளுபடி.

இன்னொன்று. வெளிநாட்டில் இருந்து பண்டிகைக்கு வந்து ஏலம் எடுப்பவர் இந்தியக் குடியுரிமை உள்ளவரானால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (FCRA) அதற்கான பதிவு உள்ள அமைப்பின் தனிக் கணக்கில்தான் வாங்கலாம். சேகரத்தின் (நம் சபை வட்டாரத்தின்) பொதுக் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு மாற்ற முடியாது. கார்பன் சீட்டில் குடியுரிமைக்கு ஒரு கட்டம் சேர்த்து அச்சடிக்கச் சொல்லியிருக்கிறது.