மடியில் விட்ட ஓணான்

ஆகஸ்ட் 24, சிட்னி

ஆறு வாரமாகக் கட்டைக்கு அடியில் கிடந்த வீரன் இன்று காலை தலையை நீட்டினான். குளிர்காலத்தில் உண்ணாமல் உறங்குவது தாடி ஓணான்களின் இயல்பு என்று தெரிந்தும், தினமும் விலா அசைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நேராக விளக்கடிக்கு ஏறி, தோசை போல உடம்பைப் பரப்பிச் சூடு ஏற்றிக்கொண்டான்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டாய், அனுபவி" என்றார். உரிமம் வாங்கி வளர்க்கிற ஓணான் என்றால் அவருக்குச் சிரிப்பு வருகிறது.

செப்டம்பர் 8

நண்பர் தன் 'கறுப்பனை'ப் பெட்டியோடு கொண்டுவந்தார். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்பதால் நடுவில் கண்ணாடி. இங்கே வசந்தம் தொடங்கிவிட்டது, கறுப்பன் பொறுக்கவில்லை. கண்ணெதிரே அவன் தாடை அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்தது. தாடியை உப்பி, தலையை வேகவேகமாக ஆட்டி, காலால் தரையை அறைந்தான். ஊரில் சின்ன வயதில் பார்த்த ஓணான் நினைவுக்கு வந்தது. அதற்குக் கழுத்து சிவக்கும். நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லி ஓடுவோம். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

வீரனோ முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, காற்றில் மெல்ல வட்டம் போட்டான். பிறகு நிதானமாகத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி எடுத்தான். "டாட்டா காட்டுகிறான்" என்றாள் மகள். "பயந்தாங்கொள்ளி" என்றார் நண்பர்.

செப்டம்பர் 29

பூச்சியை அள்ளி அள்ளித் தின்கிறான். வயிறு பக்கவாட்டில் பிதுங்குகிறது. நல்ல பசி என்று மகிழ்ந்தேன்.

அக்டோபர் 6

மூன்று நாளாக உணவைத் தொடவில்லை. கண்ணாடி மூலையை இரவு பகலாகப் பறண்டுகிறான். நகம் தேயும் சத்தத்தில் யாரும் தூங்கவில்லை. மருத்துவரிடம் ஓடினோம். எக்ஸ்ரேயில் வயிறு முழுக்க வட்ட வட்டமாக முட்டைகள்.

"இவன் இல்லை, இவள்" என்றார்.

கடையில் ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குட்டியில் பார்த்துச் சொல்வது கடினம்தான். ஆனால் இரண்டு வருடம் நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! கையசைப்பைக் குட்டிகளும் செய்யும், பெரிய ஆணுக்கு அடங்கிப் போகும் சிறிய ஆணும் செய்யும், அதை விட்டுவிடலாம். பெண் ஓணான் காட்டும் அந்த நிதானமான தலைவணக்கத்தையாவது யோசித்திருக்க வேண்டும். கண்ணாடி இருந்ததால் பிழைத்தோம். இல்லையென்றால் கறுப்பன் பிடரியைக் கவ்வி ஏறியிருப்பான்.

ஆண் சேராமலே முட்டை உருவாகுமாம், கோழி போல. முட்டையிட இடம் கிடைக்காமல் உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் முழங்கை ஆழத்துக்கு மணலும் மண்ணும் கலந்து நிரப்பினேன். ஈரம் எவ்வளவு என்று கேட்டதற்கு மருத்துவர் கையை மூடித் திறந்து காட்டினார். எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், கொழுக்கட்டைப் பதம்.

அக்டோபர் 9

காலையிலிருந்து தோண்டினாள். முதலில் இரண்டு குழி, இரண்டும் பிடிக்கவில்லை. மூன்றாவதில் உடம்பு முழுக்க மறைந்தது. பிறகு உள்ளேயே திரும்பி முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டாள். இமை மேல் மணல் ஒட்டியிருந்தது, தட்டிவிடக்கூட இல்லை. விளக்கை மங்கலாக்கி, நடையில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மாலையில் வெளியே வந்து மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, மூக்கால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். 412 கிராம் இருந்தவள் 349. விலாத்தோல் காலிப் பைபோல் தொங்கியது. வெதுவெதுப்பான நீரில் உட்காரவைத்தேன். கால்சியம் தூவிய பூச்சியை என் கையிலிருந்தே பிடுங்கித் தின்றாள்.

அக்டோபர் 10

தோண்டிப் பார்த்தால் 19 முட்டைகள், மஞ்சள் பூத்து, தொட்டால் குழிகிறவை. கருவுற்றதென்றால் சுண்ணாம்பு வெள்ளையாக, விறைப்பாக இருக்கும்.

மகள், "அப்படியென்றால் வீரன் உண்மையில் யார்?" என்று கேட்டாள். எளிய கேள்வி இல்லை. இந்த இனத்தில் ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு இசட் டபிள்யூ குரோமோசோம்கள். ஆனால் முட்டை சுமார் 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்பட்டால், இசட் இசட் கருவும் பெண்ணாகிவிடக்கூடும், அதுவும் முட்டையிடும். காட்டிலேயே இது நடப்பதாக கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். "கடைக்காரர் பொய் சொல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில் கறுப்பனோடு சேர்க்கலாம் என்கிறார் நண்பர். ஒருமுறை சேர்ந்தால் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த ஈட்டுக்கும் பயன்படுத்துவாள். ஈட்டுக்கு இருபது குட்டி. ஒன்றின் விரலையும் வாலையும் மற்றொன்று கடிக்கும், பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் துணி காயப்போடவே இடமில்லை. மறுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அக்டோபர் 31

பெயர் மாறிவிட்டது: வீராயி. அம்மா வைத்தது; தன் பாட்டி பெயராம்.

விடியற்காலையில் மறுபடி பறண்டும் சத்தம். எழுந்து போய்த் தொட்டியில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன்.